மிதவைத் தடுப்பு, உத்தமசோழபுரம்

ஆறு மணிக்குத் திருமணிமுத்தாறு கறுப்பு.
ஏழுக்கு நுரை வரும்,
ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடையோடு.
எட்டுக்குள் அங்கமுத்து இடுப்பளவு இறங்கியிருப்பான்
ரப்பர் உடுப்பில். வலது காலில் ஓட்டை,
பஞ்சர் கடையில் ஒட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை.

நான் கரையில். தராசும் நோட்டும் என் வேலை.

புதன்: எண்பத்து நாலு கிலோ.
வியாழன்: நூற்றிரண்டு.
திங்கட்கிழமை எப்போதும் கூடுதல்.
ஏற்காட்டுக்கு வந்தவர்கள்
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
ஜன்னல் வழியே கைவிட்ட பாட்டில்கள்
மூடி திருகியபடியே வரும்,
உள்ளே கொஞ்சம் மலைக்காற்றை வைத்துக்கொண்டு.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளின் ஜிப் கவர்கள்
விரல் அகலம்தான், வலைக்கண்ணில் நழுவிவிடும்.
மாதம்மா மூங்கில் முனையில் டீ வடிகட்டியைக் கட்டினாள்.
பொறியாளர் சிரித்தார்.
மறுவாரம் அவரே ஆறு வடிகட்டி வாங்கிவந்தார்.

ஒரு நாள் ஒரு பால் கவர்.
அச்சிட்ட தேதி பதினாறு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல்.
அந்த வாரம்தான் எனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை.
கழுவினேன், நீல எழுத்து போகவில்லை.
தராசில் வைத்தேன், முள் அசையவில்லை.

மைக்கோடு வந்தவர் கேட்டார்,
"கடலைக் காப்பாத்துறீங்க, எப்படி இருக்கு?"
"எந்தக் கடலுங்க?" என்றான் அங்கமுத்து.
கேலியில்லை, விவரம்தான் கேட்டான்.
நோட்டின் பின்னட்டையில் வரைந்து காட்டினேன்:
இங்கே நாம், இங்கே நஞ்சை இடையாற்றில் காவிரி,
அப்புறம் திருச்சி, கல்லணை, கடைசியில் பூம்புகார்.
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்,
"இம்புட்டு தூரத்துக்கு நடுவுல
வேற யாரும் வலை கட்டலீங்களா?"

ஐப்பசியில் ஒரு நள்ளிரவு போன்.
சேர்வராயன் மலையில் விடாத மழை.
தடுப்பில் குப்பை அடைத்துத் தண்ணீர் எதிர்க்கிறது,
கரையோரத் தெருவில் முழங்கால் அளவு,
அறுத்துவிடுங்கள்.

மாதம்மா அரிவாளை வைத்தாள்.
நான் டார்ச் பிடித்தேன்.
மூன்றாம் வெட்டில் கயிறு விட்டது.
ஒரு கல்யாணப் பந்தியே எழுந்து
ஒரே நேரத்தில் இலையை மடித்ததுபோல் ஒரு சத்தம்,
அவ்வளவும் போனது.

தெருவில் நீர் வடிந்தது.
ஒரு வீட்டில் விளக்கைப் போட்டு
எங்களுக்கு டீ கொண்டுவந்தார்கள், காகிதக் கப்பில்.
உள்பக்கம் வழவழவென்று அதே பூச்சு.
குடித்தோம்.
மூவரும் கப்பைக் கீழே போடாமல்
விடியும்வரை கையிலேயே வைத்திருந்தோம்.

காலையில் நோட்டைத் திறந்தேன்.
தேதி, எடை, கையொப்பம். மூன்றே கட்டம்.
ஸ்கேல் இல்லாமல் நாலாவது கோடு இழுத்து
மேலே 'விட்டது' என்று எழுதினேன்.
எத்தனை கிலோ?
புதுக் கயிற்றுக்கு முடிச்சு போட்டுக்கொண்டிருந்தான் அங்கமுத்து.
"ரெண்டு டன்னுக்குக் குறையாது. எழுதுங்க.
கீழ யாராச்சும் கேட்டா காட்டோணுமில்ல."