இருநூறு கிராம் கழித்து

மதுரைக்கும் ஷார்ஜாவுக்கும் நடுவே
இனி அந்த மஞ்சள் விமானம் இல்லை.
கீழக்கரையில் கரண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்னால்
ஒன்பது பத்துக்கு வந்தது மின்னஞ்சல்.
"மதிப்புக்குரிய பங்காளிக்கு" என்று ஆரம்பம்.
பங்காளி என்றால் எங்கள் தெருவில்
பொதுச்சுவருக்கு வழக்குப் போடுகிறவன்.

மைனா ஏர் தன்னை மாற்றிக்கொள்கிறதாம்.
மஞ்சள் போய்க் கருநீலம்.
கால் நீட்ட நாலு அங்குலம் கூடுதல்.
"எல்லாருக்கும் வானம்" என்பதை அழித்துவிட்டு
"நேரத்தின் அருமை தெரிந்தவர்களுக்கு"
என்று போட்டிருந்தார்கள்.

முத்துப்பேட்டை அருளப்பனுக்குத் தெரியும் நேரத்தின் அருமை.
அஜ்மானில் வலை இழுக்கிறவன்
இரண்டு வருஷத்துக்கு ஒரு முப்பது நாள் வாங்கி வந்து
அதில் ஒன்பது நாளை
மகளின் சாதிச் சான்றிதழுக்காகத்
தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கொடுத்தான்.

மின்னஞ்சலோடு ஒரு படிவம்:
உங்கள் பகுதி வணிகப் பயணிகள்.
பெயர், நிறுவனம், பதவி, மாதத்துக்கு எத்தனை பயணம்.
எழுதும்மா, எழுது என்று சிரித்தார்
முதலாளி சீனி நெய்னா காக்கா.
எழுதினேன்.
முகம்மது கலந்தர். நிறுவனம்: பக்காலா. பதவி: எல்லாம்.
ஏர்வாடி சாதிக் பாட்சா. கார் கழுவுதல். சொந்த வாளி.
மாதத்துக்கு எத்தனை என்ற கட்டத்தில்
எல்லோருக்கும் ஒரே பின்னம் வந்தது.
இருபத்துநாலில் ஒன்று.

அனுப்பவில்லை. கரண்ட் வரவில்லை.

மதியம் ஜெயினம்பு லாத்தா வந்தாள்,
பிள்ளைக்குப் பெயர் வைக்க
மாப்பிள்ளை வரவேண்டிய டிக்கெட்டின் நகலோடு.
பணம் திரும்பி வரும் லாத்தா,
இருபத்தொரு வேலை நாளில்.
"யாரோட வேலை நாள்?
அவரு வெள்ளிக்கிழமையும் வேலை பார்க்கிறாரே,
அதையும் சேர்த்து எண்ணுவாங்களா?"
கணினியில் அதற்குப் பொத்தான் இல்லை.

எங்கள் கடை வாசலில் ஒரு தராசு உண்டு.
பயணம் போகிறவர்கள் முதல் நாள் இரவு
பெட்டியைத் தூக்கி வந்து அதில் வைப்பார்கள்.
சும்மா இருக்கும்போதே முள் இருநூறு கிராமில் நிற்கும்.
கழித்துச் சொல்வேன்.
கூடுதலாக இருந்தால் பெட்டி திறக்கும்.
முதலில் வெளியே வருவது புத்தகமோ செருப்போ.
கருவாடு கடைசிவரை வெளியே வராது.

வியாழக்கிழமை மைனா ஏரிலிருந்து ஒருவர் வந்தார்.
பெயர் தீரஜ், சென்னை, முப்பது இருக்கும்.
எங்கள் மஞ்சள் பலகையைக் கழற்ற ஏணியும்
மேஜையிலிருந்த பிளாஸ்டிக் விமானத்தைப் போட்டுக்கொள்ள
ஒரு துணிப்பையும் கொண்டு வந்திருந்தார்.
ஏணியில் ஏறியது எங்கள் டீக்கடைப் பையன்தான்.
அவர் கீழே நின்று
"மெதுவா, மெதுவா" என்றார், பலகையிடம்.

அப்புறம் தொதல் எங்கே நல்லா இருக்கும் என்று கேட்டார்.
வாங்கி வந்தார், இரண்டு கிலோ,
ஆபீஸில் எல்லோருக்குமாம்.
சென்னைக்கு அவர்கள் விமானம் இன்னும் பறக்கிறது.
பையைத் தூக்கிப் பார்த்தார்.
தராசைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.

எட்டு அறுநூறு, என்றேன்.
இருநூறு கிராம் கழித்து எட்டு நானூறு.
ஏழுக்கு மேல் விட மாட்டார்கள் சார்.
அது எங்களுக்கே தெரியும் என்பதுபோல் ஏதோ சொன்னார்.
எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்:
கனமான சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்,
சார்ஜரைப் பாக்கெட்டில் வையுங்கள்,
கேட்டால் சிரிக்காதீர்கள்.

கருநீலக் கோட்டைப் போட்டுக்கொண்டார்,
சித்திரை வெயிலில்.
உள்பாக்கெட்டில் அரைக்கிலோ தொதல் எண்ணெய் விட
பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் தேடி நடந்தார்.
பிளாஸ்டிக் விமானத்தைத் தராசின் மேலேயே விட்டுவிட்டார்.
முள் நகரவே இல்லை.

சாயங்காலம் போன்.
ஜெயினம்பு லாத்தா.
"கொழும்பு வழியா வந்தா எவ்வளவு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் பிள்ளை அழுகிற சத்தம் மட்டும்.
"சரி, இன்னைக்கு எத்தனாவது வேலை நாள்?"

நாலாவது, என்றேன்.
சனியும் ஞாயிறும் கழித்து.