மெய்ப்பு

சேலத்தில் ஓர் அச்சகத்தில்
மெய்ப்புப் பார்க்கிறவன் நான்.
பேராசிரியர் கோவேந்தனின் புத்தகத்தில்
காவேரிப்பட்டினம் என்று இருந்ததையெல்லாம்
தூக்கக் கலக்கத்தில்
காவிரிப்பூம்பட்டினம் ஆக்கிவிட்டேன்.
பதினேழு இடம்.
மலைகளுக்கு நடுவே கிடந்த ஊர்
சிவப்பு மை பட்டுக்
கடலோரம் போய்ச் சேர்ந்தது.
ஆயிரம் பிரதி.
அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

"ஊருக்குள்ள போவாது,
பைபாஸ்ல எறங்கிக்க" என்றார் நடத்துநர்.
இறங்கினேன்.
ஆனி மாதம். காற்று முழுக்க மாங்கூழ்.
ஆலை வாசலில் பெங்களூரா ஏற்றிய லாரிகள்,
அவற்றுக்குப் பின்னால்
யாரோ பாதியில் விட்டுப்போன கட்டடம் போல
பாறைமேல் பாறையாக மலைகள்.

பாலத்துக்குக் கீழே ஓடுவது காவிரி அல்ல,
பெண்ணை.
ஓர் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டு
இன்னோர் ஆற்றோடு
குடித்தனம் நடத்துகிறது ஊர்.
இத்தனை காலம்
ஒருவரும் அதைத் திருத்தவில்லை.
கடைப் பலகைகளில்
பட்டினம், பட்டணம், ஒரு சலூனில் பட்ணம்.
சட்டைப்பையில் பேனா இருந்தது.
இருக்கட்டும் என்று விட்டேன்.

மைசூர்ப் படையும் கம்பெனிப் படையும்
மாறி மாறிப் பிடித்த கோட்டை
எங்கே என்று கேட்டேன்.
எடைமேடை முனிரத்தினம்
லாரியிலிருந்து கண்ணெடுக்காமல்
"எந்தக் கோட்டை?" என்றார்.
நிப்பட்டு பொரித்துக்கொண்டிருந்த நஞ்சம்மா
தெலுங்கில் ஏதோ சொல்ல
இருவரும் சிரித்தார்கள்.
நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்
இரண்டு நிப்பட்டு வாங்கினேன்.

"உங்க மாதிரியே ஒருத்தர் வந்தாரு,
இதையேதான் கேட்டாரு.
அந்த மேட்டுல ரொம்ப நேரம் நின்னுட்டு
கொடையை மறந்துட்டுப் போய்ட்டாரு."
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு
எடுத்து வந்து நீட்டினாள்.
கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்திரியில்
நீல மையில் ஒரு பெயர்.
நான்கு மாதம் நான் படித்த கையெழுத்து.
'ந'வும் 'த'வும்
எப்போதும் போல ஒட்டிக்கொண்டிருந்தன.

"தெரிஞ்சவரா?"
"ம்."

மேட்டுக்கும் போனேன்.
முள்செடி, ஆட்டுப் புழுக்கை,
யாரோ காயப்போட்ட போர்வை.
பதினேழு முறை நான் அழித்த இடம்
என்னை ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது மழை இல்லை.
ஆனாலும் பாலத்தின் நடுவில் நின்று
குடையை விரித்தேன்.
ஒரு கம்பி முறிந்திருந்தது.
துணியெல்லாம் மாங்கூழ் வாசம்.
இதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்
அழைப்பு மணியை அழுத்தி
முதலில் என்ன சொல்வது என்று
பேருந்து வரும்வரை
எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.