ரொட்டி வண்டி

கம்பெனியின் முதல் ஆம்புலன்ஸ்
ஒரு பழைய ரொட்டி வண்டி.
வெள்ளையருக்கான வண்டி வந்து
முகம் பார்த்துத் திரும்பிப் போன வாரம்
பூபாலன் கடனுக்கு வாங்கியது.
சாட்ஸ்வொர்த் மேட்டில் அதற்குள் பிறந்தவள் நான்.
தலையெல்லாம் மாவாம்.

இப்போது பதினொரு வண்டி.
பஞ்சர், பூட்டிக்கொண்ட கதவு, மாரடைப்பு,
எதற்கும் ஒரே நம்பர்.
இரவில் அதை எடுப்பவளும் நான்தான்.

மூன்று மணிக்கு
பாட்டில்பிரஷ் தகரக் குடிசையிலிருந்து தாண்டேகா:
"அண்ணனுக்கு மூச்சு இழுக்கிறது.
கார்டு இல்லை. வருவீர்களா?"

திரையில் ஒரு கட்டம் துடிக்கிறது:
உறுப்பினர் எண்.
அது நிரம்பாமல் சக்கரம் உருளாது.

சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது
ரொட்டி வண்டியின் நம்பர் பிளேட்.
பார்த்துப் பார்த்துத் தட்டினேன்.

"கிளம்பிவிட்டது, தங்கச்சி.
போன் வெளிச்சத்தை
ரோட்டுப் பக்கம் காட்டு."