தன்வினை, பிறவினை

இரவு ஒன்று நாற்பது.
ஒன்-நார்த்தில் ஐந்தாம் மாடி.
யாருக்காகவோ குளிர்சாதனம் பதினெட்டில் நிற்கிறது.
தமிழ்ச் செய்திப் பிரிவில் நான் மட்டும்,
ஜமீலா பானு விட்டுப்போன சால்வையோடு.

பூமியின் அந்தப் பக்கம் நண்பகல்.
ஓர் அவையில் கைகளை எண்ணுகிறார்கள்.
போரை முடிக்கும் தீர்மானம்:
ஆதரவு நூற்றுப் பன்னிரண்டு,
எதிர்ப்பு நூற்று ஒன்பது.
ஒருவர் கழிவறையில் இருந்தாராம்.

ஆறே நிமிடத்தில் அதிபர் மாளிகையிலிருந்து ஒரு பத்தி:
போர் சென்ற வாரமே முடிந்துவிட்டது.
முடிந்ததை முடிக்க அவைக்கு அதிகாரம் இல்லை.
படைகள் இருக்கும் இடத்தில் இருக்கும்.

மலாய்ப் பிரிவில் ரொஸ்னா
அனுப்பிவிட்டு வீட்டுக்கே போய்விட்டாள்.
அவளுக்கு ஒரு முன்னொட்டு போதும்.
எனக்கு ஒரு மெய்யெழுத்து.
ந் போட்டால்
போர் தானே ஓயும், மழை விட்டதுபோல,
யாரும் நனைந்த செருப்பைத் தேட வேண்டியதில்லை.
த் போட்டால்
ஒரு கை வேண்டும்,
கைக்குப் பின்னால் ஓர் ஆள்,
ஆளுக்குப் பின்னால் சட்டத்தில் ஒரு வரி.

அந்த வரியைத் தேடி
அந்நாட்டுச் சாசனத்தை இறக்கிப் படித்தேன்.
தொடங்க அவையின் இசைவு வேண்டும் என்று இருக்கிறது.
முடிப்பது பற்றி ஒன்றுமே இல்லை.
எழுதியவர்கள் களைத்துத் தூங்கப் போயிருக்கலாம்.
அல்லது
தொடங்கியதெல்லாம் முடியும் என்று நம்பும் வயதில்
இருந்திருக்கலாம்.

முடி சூடியவரிடம் முடி என்று சொல்ல
எத்தனை கைகள் தூக்க வேண்டும்?
நூற்றுப் பன்னிரண்டு போதாது,
இன்றைய நிலவரப்படி.

சன்னலில் பாசிர் பாஞ்சாங் பாரந்தூக்கிகள்
வெள்ளை வெளிச்சத்தில் பெட்டி அடுக்குகின்றன.
தீவின் அடுத்த முனையில், கிழக்கு நங்கூரத்துறையில்,
என் தம்பியின் எண்ணெய்க் கப்பல்.
பத்தொன்பதாம் நாள்.
காப்புறுதிக்காரர்கள் அவையையும் பார்ப்பதில்லை,
மாளிகையையும் பார்ப்பதில்லை;
அவர்கள் பட்டியலில் அந்த நீரிணை இன்னும் சிவப்பு.
ஆனாலும் யாரும் கரையிறங்கக் கூடாது,
எந்நேரமும் புறப்படச் சொல்லலாமாம்.
பிடோக்கில் பதினான்காம் மாடித் தாழ்வாரத்தில் நின்றால்
அவன் கப்பல் விளக்கு தெரிகிறது
என்கிறாள் அவன் மனைவி மங்கையர்க்கரசி.
எந்த விளக்கு என்று நான் கேட்டதில்லை.
அங்கே நாற்பது கப்பல்கள் எரிகின்றன.

தொலைபேசியில் ஆசிரியர், தூக்கம் கலையாத குரலில்:
"மூன்று மணிக்குள் தலைப்பு வேண்டும்.
முடியும் என்று போடாதே, ஆரூடம் ஆகிவிடும்.
முடியாது என்று போடவே போடாதே."

போட்டேன்:
போரை முடிக்க அவை வாக்கு; முடிந்துவிட்டதாக அதிபர்.
ஆறு சொல்.
இரண்டு வினை, நடுவில் ஓர் அரைப்புள்ளி.
காலை ஆறு மணிச் செய்தியில்
வாசிப்பவர் அங்கே மூச்சு எடுத்துக்கொள்ளலாம்.

கைபேசி அதிர்ந்தது.
தம்பி எழில்வாணன், இயந்திர அறையிலிருந்து:
"அக்கா, முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்."

நான் அதில் கை வைக்கவில்லை.