பொறுக்கும் பிழை

காசிமேட்டில் ஏலம் அடங்கும் நேரம்
ஈரம் சொட்டும் தராசில்
இருபது கிலோ இரும்புக் கல்லை வைப்பேன்,
எடுப்பேன், மறுபடி வைப்பேன்.
ஒரே கல்லுக்கு இரண்டு எடை சொன்னால்
அன்றைக்கு அதற்கு முத்திரை இல்லை.
"கடல் காத்து மேடம்" என்பார்கள்.
காற்றுக்கும் சட்டத்தில் இடம் உண்டு:
இத்தனை கிராம் வரை பொறுக்கலாம்.

நடுவர்களின் கண்ணுக்கு எத்தனை கிராம்?

பெரியமேட்டு அரங்கில்
யுவராணி மூன்றுக்கு இரண்டு என்று தோற்ற இரவு
ஐந்து தாள்களையும் நகலெடுத்து வந்தேன்.
இரண்டாம் சுற்று,
ஷபியுல்லா பத்து, ஒன்பது என்று சிவப்புக்கு.
தேவகடாட்சம் பத்து, ஒன்பது என்று நீலத்துக்கு.
இருவருக்கும் நடுவே
ஒரு மின்விசிறி, ஒரு கயிறு, அதே மூன்று நிமிடம்.

சங்கத்தில் முனகிக்கொண்டே சம்மதித்தார்கள்.
ஆறு பழைய சண்டைகள்,
முகங்களை மங்கலாக்கி,
ஒவ்வொன்றும் இரண்டு தடவை, கலைத்துப் போட்டு.
இரண்டு தடவை என்று யாரிடமும் சொல்லவில்லை.
நடுவில் டீ, வாழைக்காய் பஜ்ஜி.

பஜ்ஜிக்கு முன்னால் சிவப்பு ஜெயித்த சண்டையில்
பஜ்ஜிக்குப் பின்னால் நீலம் ஜெயித்தது,
ஷபியுல்லா கணக்கில்.
"பசிதாம்மா" என்று சிரித்தார்.
கூட்டத்தின் சத்தத்தை அணைத்ததும்
ஸ்டெல்லா இரண்டு தீர்ப்பை மாற்றினாள்,
பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

நாதமுனி மட்டும்
பன்னிரண்டு தாளிலும் பிசகவில்லை.
கை தட்டினார்கள். சால்வை போடலாம் என்றார் செயலாளர்.

எனக்குத் தங்கசாலைத் தெருப் பருப்புக் கடைத் தராசு
ஞாபகம் வந்தது.
எத்தனை தடவை வைத்தாலும்
சரியாக ஐம்பது கிராம் குறைவு.
அதைவிட ஒழுங்கான தராசை நான் பார்த்ததில்லை.

மைத்துனன் கணினியில் நிறம் மாற்றிக் கொடுத்தான்.
சிவப்பை நீலமாக, நீலத்தைச் சிவப்பாக.
அடுத்த ஞாயிறு நாதமுனி வந்தார்,
கண்ணாடியைத் துடைத்தார்,
அதே சண்டைகளைப் பார்த்தார்,
ஆறிலும் சிவப்பு என்றார்.

அவர் பொய்க்காரர் இல்லை.
வீட்டுக்குப் போகும்போது
பேருந்து நிறுத்தம் வரை குடை பிடித்து வந்தவர்.

கல்லுக்கு எங்கள் அலுவலகத்தில் மூலக் கல் உண்டு,
வெல்வெட் பெட்டியில், கைபடாமல்.
குத்துக்கு மூலம் எங்கே இருக்கிறது?

யுவராணியிடம் கேட்டேன்.
கைத்துணியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:
"நான் விட்டது என்கிட்டயா இருக்கும்?
அவகிட்ட கேளுங்க."

எண்ணூருக்கு ஃபோன் போட்டேன்.
ஜெயித்த பெனிட்டா எடுத்தாள்,
பின்னால் குக்கர் விசில்.
"ரெண்டாவது ரவுண்டா?
மூணு நாள் இட்லி மெல்ல முடியலக்கா."

அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலில், எழுதி வைத்தேன்:
இட்லி. மூன்று நாள்.