ஜூபெர்ட் பூங்காவில் மேரி

சேவி மூட்லி டர்பனில் பிறந்தவள்.
அவளுக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் மூன்று சொல்:
வாங்க. சாப்பாடு. பத்திரம்.
சனிக்கிழமை ஜூபெர்ட் பூங்காவுக்குப் போகிறேன் என்றதும்
மூன்றாவதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மீதியை ஆங்கிலத்தில், விரல் மடக்கி:
போனை வெளியே எடுக்காதே.
எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஏதாவது கடைக்குள் நுழைந்து எடு.
கழுத்தில் ஒன்றும் வேண்டாம்.
வழி தெரியாவிட்டாலும் தெரிந்தவள் போல நட.
நாலு மணிக்குள் வெளியே வந்துவிடு.
யார் கேட்டாலும் பெயரைச் சொல்லாதே.

தாலிச் செயினை அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன்.
தெரிந்தவள் போல நடப்பது எளிது,
திருநெல்வேலி ஜங்ஷனில் பத்து வருடம் நடந்த நடை.
ஆனால் கை
பேருந்தில் இருக்கும்போதே இரண்டு முறை கழுத்துக்குப் போய்
ஒன்றுமில்லாமல் திரும்பியது.

நூறு வயது தாண்டிய பூங்கா.
செடி வளர்க்கக் கட்டிய கண்ணாடி வீட்டில்
கண்ணாடி போன சட்டங்கள் வழியே மழை உள்ளே போய்வருகிறது.
எந்தப் பெஞ்சில் எந்த நிறம் உட்காரலாம் என்று
நாட்டுக்கே பலகை மாட்டியிருந்த காலம் ஒன்று.
அப்போது யார் யாருக்குச் சொல்லியிருப்பார்கள்
பத்திரம் என்று?

தரையில் வரைந்த சதுரங்கத்தில்
முழங்கால் உயரக் குதிரையைத் தூக்கி
எங்கே வைப்பதென்று நிற்கிறார் ஒருவர்.
சுற்றி நிற்கும் ஏழு பேரும் ஏழு கட்டம் காட்டுகிறார்கள்.
நானும் பார்த்திருப்பேன்.
ஆனால் ரயில் நிலையத்திலிருந்தே
சாம்பல் கோட்டுக்காரன் ஒருவன் பின்னால் வந்துகொண்டிருந்தான்.
நான் நின்றால் நின்றான்.

அப்போதுதான் கேமராக்காரர் மறித்தார்.
கழுத்தில் இரண்டு கேமரா.
இந்த ஊரில் விலையுள்ளதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
வெயிலில் நிற்கும் ஒருவரை முதன்முதலாகப் பார்க்கிறேன்.
"லெசேகோ," என்றார், நான் கேட்காமலே.
"நீங்கள்?"

"மேரி."

என் பெயர் இசக்கியம்மாள்.
எங்கள் ஊர் எல்லையில்
விழி பிதுங்க, கையில் சூலத்தோடு, மடியில் பிள்ளையோடு
இரவெல்லாம் காவல் நிற்கிறவளின் பெயர்.
நள்ளிரவில் அந்தப் பக்கம் போகிற ஆம்பிளைகள்
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.
அவளைத்தான்
பட்டப்பகலில் ஒளித்துவைத்தேன்.

நீரூற்றுக்கு முன்னால் நிற்கச் சொன்னார்.
தோளைத் தளர்த்துங்கள் என்றார். தளர்த்தினேன்.
இன்னும் என்றார்.
கார் பேட்டரியில் ஓடும் குட்டி இயந்திரம்
கிறீச்சென்று படத்தைத் துப்பியது.
உறையின் மேல் மேரி என்று அழகாக எழுதி, ஈரம் காய ஊதி,
நீட்டினார்.

படத்தில் என் கை வெறுங்கழுத்தைப் பிடித்திருக்கிறது.
எனக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக,
சாம்பல் கோட்டு.
அவனும் ஒரு கையால்
தன் மேல்பையை அழுத்திப் பொத்தியபடி
என்னைப் பார்க்கவே இல்லை,
தனக்குப் பின்னால் யார் என்று
திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவனும் ஊருக்குப் புதுசு போல.
வழி தெரிந்தவள் மாதிரி நடக்கிறவள் பின்னாலேயே போ என்று
அவனுக்கும் ஒரு சேவி சொல்லியிருக்கலாம்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
நிமிர்ந்தபோது ஆள் இல்லை.
மணி மூன்றே முக்கால்.

செயினை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டேன்.
இரண்டு அரிசி உள்ளாடைக்குள் விழுந்து உறுத்தியது.
உறை மேசைமேல் கிடக்கிறது,
யாரோ ஒரு மேரிக்கு.
லெசேகோவிடம் போய்
என் பெயரைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.
அடுத்த சனிக்கிழமை.
நாலு மணிக்குள்.