கொஞ்சம் கூட்டி எழுதுங்க

ஆட்களைத் தெரியாது எனக்கு.
குழாய்களைத் தெரியும்.
கடலூர், மஞ்சக்குப்பம், இரவு ஷிப்ட்.
இயந்திரம் இருபது நிமிடம் முனகும்,
பிறகு ஒரு எண்ணைத் துப்பும்.

தேசிங்கு, நாற்பத்தாறு, ஆண், படுக்கை ஒன்பது.
முதுநகர்த் துறைமுகத்தில் கூடை இறக்கும்போது
கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறியதாம்.
மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு
இரண்டு நாள் வேலைக்கும் போனாராம்.
மூன்றாம் நாள் முழங்கை வரை வீக்கம்,
பேச்சு குழறல்.
இது வார்டு பையன் சொன்னது.
ரத்தம் சொன்னது:
புரோகால்சிடோனின் பதினெட்டு.

மறுநாள் பதினொன்று.
அப்புறம் ஐந்து.
ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய்ப் போய் வந்தது,
இரண்டு முறை ஓட்டினேன், இரண்டுதான்.
கெடிலம் பாலத்துத் தூணில்
வெள்ளம் சாண் சாணாக இறங்குமே, அப்படி.
ஆறாம் நாள் அரைக்கும் கீழே.
டாக்டர் ஷெரீபா கேஸ் ஷீட்டில் கோடு போட்டார்:
மெரோபெனம் நிறுத்து.
நாளை மீண்டும் பார்.

அன்றிரவு லேப் ஜன்னலில் ஒரு பெண்.
"ஒம்பதாம் பெட்டு தேசிங்கு சம்சாரம்.
நம்பர் கொறஞ்சுதுன்னு மருந்த நிறுத்திட்டாங்க.
நீங்கதானாமே நம்பர் போடுறது?
நாளைக்குக் கொஞ்சம் கூட்டி எழுதுங்க சார்.
பத்து நாளாவது ஏறட்டும்.
காசுன்னா சொல்லுங்க, தோடு இருக்கு."

கிருமி போனபின்னும் வீக்கம்
கொஞ்ச நாள் தங்கும் என்றேன்.
வீணாக ஏற்றினால் கிருமிகள் மருந்தைப் பழகிக்கொள்ளும்,
அடுத்த முள்ளுக்கு இந்த ஊசி கேட்காது என்றேன்.
சொல்லச் சொல்ல என் குரலே
சுவரில் ஒட்டிய நோட்டீஸ் போலக் கேட்டது.

அவர் தலையாட்டவில்லை.
"நிறுத்துறதுன்னா எங்க பக்கம்
கைவிடுறதுன்னு அர்த்தம் சார்."

கதவைத் திறந்து உள்ளே விட்டேன். விதிப்படி தப்பு.
ஆறு சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தேன்.
எழுத்து தெரியாது, எண் தெரியும் என்றார்.
ஏலத்தில் நிற்பவர்.
விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு
கடைசிச் சீட்டில் வெகுநேரம் நின்றார்.
"நாளைக்கும் பாப்பீங்களா?"
பார்ப்பேன் என்றேன்.
"மருந்து இல்லாட்டியும்?"
மருந்து இல்லாவிட்டாலும்.
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனார்.

இயந்திரம் அடுத்ததைத் துப்பியது:
படுக்கை நான்கு, முப்பத்தெட்டு. நேற்று இருபத்தாறு.
குறைத்து எழுதச் சொல்லி
ஜன்னலுக்கு யாரும் வரவில்லை.
ஐசியூவுக்குப் போன் அடித்தேன்.
மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.